விழிக்குள் ஒரு கடிகாரம்

மரத்தின் வயதை அறிய, அடிமரத்தின் வளையங்களை எண்ணுவார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பல மீன்களின் செவிக்குள் இருக்கும் சிறு கல்லிலும் இத்தகைய வளையங்கள் உண்டு. சில சுறாக்களின் முதுகுத்தண்டிலும் அவை தெரியும். ஆனால் கிரீன்லாந்துச் சுறாவில் வளையம் எதுவும் தெரிவதில்லை. அப்படியானால் அதன் வயதை எவ்வாறு அறிவது?

ஆழ்கடல் வாசி

வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களின் குளிர்நீரே இதன் இருப்பிடம். நீர் மிகக் குளிர்ந்திருக்கும் வடக்கே இது மேல்மட்டத்துக்கும் வரும். 2,000 மீட்டருக்குக் கீழேயும் இதைக் கண்டிருக்கிறார்கள். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 200 மடங்கு! அந்த அழுத்தத்தில் உடற்புரதங்கள் உருக்குலையாமல் காப்பது, தசையில் நிறைந்துள்ள டிரைமெதிலமீன் ஆக்சைடு என்னும் சேர்மம்.

இது நீந்தும் வேகம் மணிக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர்தான். நடந்தே இதை நீங்கள் முந்திவிடலாம்! வளர்ச்சியோ ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆயினும் 5 மீட்டர் நீளமுள்ள சுறாக்கள் உண்டு. அவற்றின் வயது என்னவாக இருக்கும்?

கார்பன் சொன்ன கணக்கு

விழி லென்சின் மையப்பகுதி, குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிறது. அங்குள்ள புரதம் பிறகு மாறுவதில்லை. ஆகவே அக்காலத்துக் கார்பன் அங்கேயே தங்கிவிடுகிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மிகுந்தது. பின்னர் கடலிலும் கலந்தது. லென்சின் மையத்தில் அந்த மிகுதி இல்லையெனில், சுறா அதற்கு முன்பே பிறந்தது என்று பொருள்.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலியஸ் நீல்சனும் அவருடைய குழுவினரும் 28 பெண் சுறாக்களை ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். மிகச் சிறிய சுறாக்களில் மட்டுமே சோதனைகளின் சுவடு இருந்தது. மற்றவற்றின் வயதைக் கார்பன்-14 அளவையும் உடல் நீளத்தையும் இணைத்துக் கணித்தனர். 502 சென்டிமீட்டர் நீளமுள்ள சுறாவின் வயது 392 ஆண்டுகள். பிழை எல்லை, கூட்டியோ கழித்தோ 120 ஆண்டுகள். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். 400 ஆண்டுகளில் 5 சதவீதம்கூடக் குறையாது. எனவே பிழை பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. குறைந்த அளவையே கொண்டாலும் 272 ஆண்டுகள்! முதுகெலும்பு உள்ள விலங்குகளில் இதைவிட நீண்ட ஆயுள் வேறெதிலும் அறியப்படவில்லை.

இக்கணக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. பெண் சுறா குட்டி ஈனும் பருவத்தை அடையவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. முன்பு ஈரல் எண்ணெய்க்காக இவற்றைப் பெருமளவில் வேட்டையாடினார்கள். இன்றும் வேறு மீன்களுக்காக விரித்த வலைகளில் இவை சிக்குகின்றன. ஒரு தாய்ச் சுறா வலையில் மடிந்தால், இன்று பிறக்கும் குட்டி அதன் இடத்தை நிரப்ப ஒன்றரை நூற்றாண்டு ஆகும். அதுவரை அந்தக் குட்டி எத்தனை வலைகளுக்குத் தப்ப வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!