பழைய நிரலும் புதிய பதிப்பும்

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த திண்டுக்கல் நகர் பூட்டுத் தொழிலால் பெயர் பெற்றது. அவ்வூர்ப் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பூட்டின் உள்ளுறுப்பை மாற்றினால், திறவுகோலின் பற்களையும் அதற்கேற்ப அராவுதல் வேண்டும். கணிப்பொறி நிரலுக்கும் இஃது ஒக்கும்.

நிரல் என்பது, கணிப்பொறி செய்யவேண்டிய செயல்களை முறைப்பட எழுதிய கட்டளைத் தொகுதியாம். அதனை எழுதுதற்கு அமைந்த மொழிகளுள் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டு அறிஞர் கைடோ வான் ராசம் இதனை 1991-இல் வெளியிட்டார். இதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பைப் பேணும் பணி 2020 சனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் தோன்றும் குறைகளை மொழியைப் பேணுவோர் திருத்தாராகலின், பழைய நிரல்களைப் புதுப்பித்தல் இன்றியமையாததாயிற்று.

புதுப்பிக்குங்கால் நேரும் பிழைகள் இருவகைப்படும். விடையைத் திரையில் காட்டும் 'பிரிண்ட்' என்னும் கட்டளைக்குப் பழைய பதிப்பில் பிறைக்குறி வேண்டுவதில்லை, புதியதில் வேண்டும். அதனை இடாது விட்டால், நிரல் இயங்காது நின்று, பிழையுள்ள வரியையும் காட்டிவிடும். இது வெளிப்படைப் பகை.

மற்றொன்று உட்பகை. ஏழு பூட்டுகளைப் பெட்டிக்கு இரண்டாக அடைத்தால் நிறையும் பெட்டிகள் எத்தனை? ஏழை இரண்டால் வகுக்கச் சாய்கோடு இட்டால், பழைய பதிப்பு 3 என்னும், புதியது 3.5 என்னும். அரைப்பெட்டியை நிறைந்த பெட்டி என்னலாமோ? நிரலோ நில்லாது ஓடும். கணக்கு மட்டும் பிழைபடும். ஈண்டு இரட்டைச் சாய்கோடு இடுதலே தீர்வாம். உட்பகையின் கொடுமை கருதியே வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார்.

தமிழ் எழுத்துக்களை எண்ணுவதிலும் வேறுபாடு உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாதெனின், யுனிகோடு முறையில் சேமித்த அச்சொல்லைப் பழைய பதிப்பு எண்மத் துண்டுகளாக எண்ணி 15 என்னும். புதியது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 5 என்னும். நம் இலக்கணப்படி எழுத்துக்கள் மூன்றே! அம்மூன்றையும் உணர்த்த 'ஓப்பன் தமிழ்' போன்ற நிரல் தொகுப்புகள் துணைசெய்கின்றன. மொழி புதிதாயினும், இலக்கணம் அறிந்து நிரல் எழுதுதல் நம் கடனே.

ஆதலின், பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து, விடைகளை ஒப்புநோக்குதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். மாணவர்களே, அவ்விழிப்பு நிரல் எழுதுவோர்க்கும் வேண்டுவதாம்.