பழைய ரிவர்ஸோ வாங்குவோர் கவனத்திற்கு

அரிசி மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டு நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நம்மில் யாரும் விலை பேசுவதில்லை. அதே வணிகர் சில லட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கும்போது, பெட்டியின் பளபளப்பைப் பார்த்தே பணத்தைக் கொடுத்துவிடுகிறார். மகன் திருமணத்திற்கோ தம் மணிவிழாவிற்கோ இப்படி ஒன்று வாங்க எண்ணியிருக்கும் வணிக அன்பர்களுக்காக இதை எழுதுகிறோம். எல்லாக் கடிகாரங்களையும் பற்றிச் சொல்ல இங்கே இடம் போதாது. நீள்சதுரக் கடிகாரங்களில் பெயர் பெற்ற ஜெகர்-லெகூல்டர் நிறுவனத்தின் ரிவர்ஸோவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இந்தக் கடிகாரம் பிறந்ததற்கே இந்தியாதான் காரணம். நிறுவனம் சொல்லிவரும் வரலாறு இது: சேசார் டி ட்ரே என்ற சுவிஸ் வியாபாரி 1930ல் இந்தியா வந்திருந்தார். இங்கே போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி ஆட்டத்தில் அடிபட்டு உடைந்துகொண்டே இருந்தது. அடி தாங்கும் கடிகாரம் கிடைக்காதா என்று அவரிடம் கேட்டார்கள். ஊர் திரும்பியதும் அவர் ஜாக்-டேவிட் லெகூல்டரிடம் விஷயத்தைச் சொன்னார். ரெனே-ஆல்ஃப்ரெட் ஷோவோ என்ற வடிவமைப்பாளர் அதற்கு வழி கண்டார். 1931 மார்ச் 4ல் பாரிஸில் காப்புரிமைக்கு மனு கொடுக்கப்பட்டது. கடிகாரத்தைச் சட்டத்தில் நகர்த்திக் குப்புறத் திருப்பினால் கண்ணாடி உள்ளே போய்விடும், வெறும் உலோக முதுகு வெளியே வரும். வாடிக்கையாளர் சொன்ன குறையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு வியாபாரியால் உண்டான சரக்கு இது.

இன்னொரு வியாபாரியும் இந்தக் கதையில் உண்டு. பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்து சாவி கொடுக்கும் கடிகாரங்களை ஓரங்கட்டிய 1970களில், ரிவர்ஸோ கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்தது. இத்தாலிய விற்பனையாளர் ஜோர்ஜோ கோர்வோ, தொழிற்சாலையில் தேங்கிக் கிடந்த சுமார் 200 காலிக் கூடுகளை வாங்கி, இயந்திரம் பொருத்தி விற்றுத் தீர்த்தார். அதன் பிறகே நிறுவனத்திற்கு இதன் மேல் மீண்டும் நம்பிக்கை வந்தது. தேங்கிய சரக்கைத் தள்ளத் தெரிந்தவரின் அருமை நமக்குத்தானே தெரியும்!

சரி, வாங்கும் விஷயத்திற்கு வருவோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருப்பது சாவி கொடுக்கும் இயந்திரமா, பாட்டரியா என்பது. ரிவர்ஸோவை இரண்டு விதமாகவும் தயாரித்திருக்கிறார்கள். பல மாடல்களில் வினாடி முள்ளே கிடையாது. ஆகவே வெளித்தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிவது புதியவருக்குக் கடினம். விலையிலோ பெரிய வித்தியாசம் இருக்கும். பக்கத்துத் திருகை மெல்லச் சுற்றிப் பாருங்கள். சாவி ஏறும் இறுக்கம் விரலுக்குத் தெரிய வேண்டும், காதில் வைத்தால் படபடவென்ற ஓட்டம் கேட்க வேண்டும். இந்தக் கடிகாரங்களில் பரவலாகக் காணப்படும் 822 என்ற இயந்திரம் மணிக்கு 21,600 முறை துடிப்பது. முழுச் சாவி கொடுத்தால் 40 மணி நேரத்திற்கு மேல் ஓடும். இன்று இரவு சாவி கொடுத்தது நாளை இரவுக்குள் நின்றுவிட்டால் உள்ளே எண்ணெய் வறண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

நமக்குக் குத்தூசி எப்படியோ, கடிகாரக்காரருக்கு டைம்கிராஃபர் அப்படி. கடிகாரத்தை அதன் மேல் வைத்தால் நாளொன்றுக்கு எத்தனை வினாடி கூடுகிறது, குறைகிறது என்று காட்டிவிடும். இந்தச் சோதனைக்கு ஒப்பாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். கடைசியாக ஆயில் சர்வீஸ் செய்தது எப்போது, ரசீது உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் சர்வீஸ் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து, அதை விலையில் கழித்துப் பேசுவதே முறை. அது சில்லறைத் தொகை அல்ல.

கூட்டைப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரிவர்ஸோவின் முகத்தில் மேலும் கீழும் மும்மூன்று கோடுகள் ஓடும். அவை கூர்மையாக இருந்தால் கூடு அதிகம் தேய்க்கப்படவில்லை. மழுங்கிக் கிடந்தால் பலமுறை பாலிஷ் போட்டு உலோகத்தைக் கரைத்திருக்கிறார்கள். புதிதுபோல் மின்னும் பழைய கடிகாரத்தைவிட, நான்கு கீறலோடு விளிம்பு கூராக இருப்பதே மேல் என்பது நம் கருத்து. கூட்டை நகர்த்தித் திருப்பி மூடுங்கள். மூடும்போது 'கிளிக்' என்று பதிய வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. பழைய டயலுக்கு மேல் புதிதாக வண்ணம் பூசி எழுத்து எழுதியிருந்தால் மதிப்புக் குறைவு. பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் பிசிறடித்திருப்பது தெரிந்துவிடும்.

கடையில் நின்று வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டக் கடிகாரத்தின் முதுகை மரைபோட்டுத் திருகி இறுக்கலாம். நீள்சதுரத்தில் அது இயலாது. நான்கு மூலைகளிலும் ரப்பர் அழுந்தி அடைப்பது கடினம். 30 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு குளிக்கலாம் என்று பொருள் அல்ல. அத்துடன் ரிவர்ஸோ நகரும் இடுக்குகளில் மாவும் உப்பும் மிளகாய்த் தூளும் புகுந்தால், ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அரத்தால் தேய்த்த மாதிரிதான். கல்லாவில் இருக்கும்போது கட்டலாம். குடோனுக்குப் போகும்போது கழற்றி வைப்பதே நல்லது.

இனி பில். பில் போட்டால் முழு விலைக்கும் ஜி.எஸ்.டி. ஏறும், வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை அல்ல. பழைய பொருள் வாங்கி விற்பவர், தாம் வாங்கியதற்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காதிருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் மட்டும் வரி கட்ட விதியில் இடம் உண்டு. ஆகவே பில் மறுப்பவர் வேறு எதையோ மறைக்கிறார். 2017 ஏப்ரல் 1 முதல் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கும் தடை உண்டு. பாங்க் மூலம் கொடுங்கள். கூட்டில் பொறித்த எண்ணையும் உத்தரவாத அட்டையில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு, அதே எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். திருட்டு நகையைத் தெரியாமல் வாங்கிய அடகுக்கடைக்காரர் காவல் நிலையத்திற்கு நடந்த நடையை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

சில ரிவர்ஸோக்களின் முதுகில் முன்பு வைத்திருந்தவரின் முதலெழுத்துகள் பொறித்திருக்கும். அழிக்கச் சுரண்டினால் உலோகம் மெலியும், அப்படியே விட்டால் அடுத்தவருக்கு விற்பது சிரமம். விற்பவருக்கும் அது தெரியும். கடிகாரம் மற்றபடி நன்றாக இருந்து, எழுத்துகளும் உங்களுக்குப் பொருட்டில்லை என்றால், தாராளமாக அடித்துப் பேசலாம்.