வெந்நீர்த் தொட்டியும் அதன் தினச் செலவும்

கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் வெந்நீர் என்பது அண்டாவில் காய்ச்சி, குளித்தவுடன் வெளியேறிவிடும் நீர். வீட்டில் அமைக்கும் ‘ஹாட் டப்’ இதற்கு நேரெதிரானது. ஒரே நீர் வாரக்கணக்கில் சுழல்கிறது. பலரும் அதில் அமர்கின்றனர். தொட்டியின் விலையை விசாரிப்போர் அந்நீரைப் பேணும் செலவை விசாரிப்பதில்லை.

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்த நுண்துளிகளைச் சுவாசித்தவர்களில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரணம், லெஜியோனெல்லா பாக்டீரியா. வெதுவெதுப்பான நீரும் குழாய்களின் உட்புறம் படியும் வழவழப்பும் அதற்கு உகந்த இடங்கள். நீர் தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்றாகாது.

வெப்பத்தில் குளோரின் விரைந்து குறையும். வியர்வையும் உடலில் பூசிய எண்ணெயும் மிச்சத்தைத் தீர்த்துவிடும். ஆகவே சோப்பிட்டுக் குளித்த பின்னரே தொட்டியில் இறங்க வேண்டும். அதற்கு முன் சோதனைத் தாளால் நீரைப் பார்ப்பது அவசியம். லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரினும், 7 முதல் 7.8 வரை பிஎச் அளவும் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். நம் வெயிலில் தொட்டியின் மூடி அலங்காரப் பொருளன்று.

வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோரும் மது அருந்தியோரும் இறங்கவே கூடாது. தலையை முக்குவதும் வேண்டாம். மலைக்கு அப்பால் கேரளத்தில் 2024-இல் சிறுவர்களைப் பலிகொண்ட அமீபா, மூக்கின் வழியாகவே மூளையை அடைகிறது. குளோரினற்ற வெதுவெதுப்பான நீர் அதற்கும் உகந்ததே.

பழைய நீரைத் தென்னைக்குப் பாய்ச்ச விரும்புவோர், குளோரின் அடங்கும்வரை சில நாள் தொட்டியைத் திறந்துவைத்த பிறகு பாய்ச்சலாம். அந்நாள்களில் குழந்தைகள் அருகே போகாதபடி காவல் தேவை.