பாய்மரப் படகில் இரண்டாமவர்

கல்லாவியில் வாழும் நமக்குக் கடல் வெகு தூரம். நீர்நிலை என்றால் கிருஷ்ணகிரி அணையும் தென்பெண்ணையும். படகு என்றால் ஒகேனக்கல் பரிசல். ஆகவே, பாய்மரப் படகுப் பந்தயம் என்றதும், காற்று வீசும் பக்கம் படகு போகும், உள்ளே இருப்பவருக்கு என்ன வேலை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதற்கு மாறானது.

சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்னும் சங்கம் 1911-ஆம் ஆண்டு தோன்றியது. நிறுவியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இத்தகைய சங்கங்களின் பந்தயங்களில் இருவர் ஏறிச் செலுத்தும் சிறு படகுகள் உண்டு. பின்னால் அமர்ந்து சுக்கானையும் பெரிய பாயையும் கவனிப்பவர் ஒருவர். முன்னால் அமரும் இரண்டாமவரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முன்பாயின் கயிறு இவர் கையில். கயிறு தளர்ந்தால் பாயின் ஓரம் படபடக்கும். அது நிற்கும் வரை இழுக்க வேண்டும், அதற்குமேல் இழுத்தால் வேகம் குறையும். காற்று வலுத்துப் படகு சாயும்போது, காற்று வரும் பக்கத்து விளிம்பில் அமர்ந்து, பாதங்களை வாரில் மாட்டிக்கொண்டு, உடலை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்துவார். முற்காலத்தில் நம் கிணறுகளில் ஏற்றமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து பாரத்தைச் சமன் செய்தார்களே, அதே கணக்குதான். பாக் நீரிணைக் கரையின் வத்தைகளிலோ, குறுக்கே நீட்டிய பலகை மீது மீனவர் ஏறி அமர்ந்து இதையே செய்வர்.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் செல்லாது. சுமார் 45 பாகை விலகி, ஏற்காட்டு மலைப்பாதை போல வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் மறுபக்கம் பாயும். அதன் அடிக்கட்டை தலைக்கு மேல் வீசிச் செல்லும். இரண்டாமவர் குனிந்து, ஒரு கயிற்றை விட்டு, மறுபுறம் தாவி, அடுத்த கயிற்றை இழுத்து உட்கார வேண்டும். இவ்வளவும் சில விநாடிகளில்! தாமதித்தால் படகு நின்றுவிடும், அல்லது கவிழும்.

பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம், நான்கு நிமிடம், ஒரு நிமிடம் இருக்கையில் கொடியும் ஒலியுமாக அறிவிப்பு வரும். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதும் பெரும்பாலும் இவரே. கோட்டை முந்திக் கடந்தவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். வலப்புறம் காற்று வாங்கும் படகுக்கு, இடப்புறம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். பாய் மறைப்பதால் பின்னால் இருப்பவருக்கு எல்லாம் தெரியாது; முன்னால் இருப்பவரின் குரலை நம்பியே அவர் சுக்கானைத் திருப்புகிறார். வழிவிடத் தவறியவர், நடுவர் சொல்லும் வரை காத்திராமல், தாமே படகை இருமுறை சுற்றித் தண்டனையை நிறைவேற்றுவது வழக்கம். இந்த விதி எங்கள் வகுப்பில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. யாரும் பார்க்காவிட்டாலுமா என்று ஒருத்தி கேட்டாள்!

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், இருவர் செலுத்தும் பெண்கள் படகுப் பிரிவில் சென்னையைச் சேர்ந்த வர்ஷா கௌதமும், ஸ்வேதா ஷெர்வேகரும் வெள்ளிப் பதக்கம் வென்றனர். நம் கடற்படையின் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபரில் தாரிணி என்ற பாய்க்கப்பலில் இருவராகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினர்.

படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகக் கூடாது என்பது முதற்பாடம். மிதவை அங்கி உடலைத் தாங்கும். ஒருவர் அடியில் நீட்டியிருக்கும் நடுப்பலகை மீது ஏறி நின்று தம் எடையால் படகை நிமிர்த்துவார். ஆனால் நீச்சல் தெரியாதவரைப் பொதுவாகப் படகில் ஏற்ற மாட்டார்கள். நம் அண்ணன் தம்பிமார் கிணற்றில் குதித்து நீந்தப் பழகும்போது, நாம் மேட்டில் அமர்ந்து அவர்கள் துணிக்குக் காவல் இருக்கிறோம். இதை வாசிக்கும் பெற்றோர், வரும் கோடை விடுமுறையில் எங்களையும் நீரில் இறக்கிப் பழக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.