பத்து வெள்ளியும் பணக்காரனும்

சம்பளம் போட்ட மறுநாள் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்ததும், குலை வெட்டும் தம்பி ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பிட்காயின்னு சொல்றாங்களே, அது பணக்காரன் விளையாட்டுதானே? நான் மாசம் அம்பது வெள்ளி போட்டு என்னாகப் போவுது? அம்மாவுக்குச் சேமநிதிப் பணம் வந்திருக்கு. மொத்தமா எடுத்துப் போட்டுடலாமான்னு பார்க்கிறேன்."

பக்கத்தில் நின்ற அம்மா வாய் திறக்கவில்லை. முப்பது வருசம் பால்மரம் வெட்டிய கை, முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுந்திருக்கிறது. ஆகவே அவரிடம் சொன்னதை எல்லோருக்குமே சொல்லிவிடுகிறோம்.

அது என்ன காசு?

பிட்காயின் கையில் பிடிக்கிற காசல்ல. உலகெங்கும் உள்ள கணினிகளில் எழுதி வைக்கப்படும் கணக்கு. சத்தோஷி நாக்கமோத்தோ என்ற புனைபெயரில் 2008-இல் அதன் திட்டம் வெளிவந்தது. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உண்டாக்க முடியாது என்பது அதன் விதி. முழுக் காசாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு காசைப் பத்துக் கோடிக் கூறாக்கியிருக்கிறார்கள். ஆகவே ஐம்பது வெள்ளிக்கும் துணுக்காக வாங்கலாம்.

ஆனால் விலை இருக்கிறதே, அது ஒரு நிலையில் நிற்காது. 2017 டிசம்பரில் 20,000 அமெரிக்க டாலரை நெருங்கியது. மறு டிசம்பரில் 4,000-க்கும் கீழே கிடந்தது. 2021 நவம்பரில் 69,000-ஐ நெருங்கியது. ஒரே வருசத்தில் 16,000-க்கும் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

2021 நவம்பரில் கையிருப்பு முழுவதையும் போட்டவர் கதியை நினைத்துப் பாருங்கள். பணக்காரர் என்றால் "இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் பொறுத்திருப்பார். நம்மவருக்கு அந்த வருசமே மகள் கல்யாணம் வரும், ஆஸ்பத்திரிச் செலவு வரும். அடிவிலைக்கு விற்றுவிட்டு, பிறகு விலை ஏறும்போது வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

சின்னக் கணக்கு

ஒரு பொருள் முதல் மாசம் 10 வெள்ளி, அடுத்த மாசம் 5 வெள்ளி, மூன்றாம் மாசம் மறுபடி 10 வெள்ளி என்று வைப்போம். மாசம் 50 வெள்ளிக்கு வாங்குகிறவருக்கு 5, 10, 5 என்று 20 கிடைக்கும். முதல் மாசமே 150 வெள்ளியையும் போட்டவருக்கு 15 தான். ஒழுங்காகப் போடுவதில் உள்ள பலம் இதுதான். விலை விழும் மாசத்தில் அதே காசுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். விலை ஏறிக்கொண்டே போனால் மொத்தமாகப் போட்டவருக்கே லாபம். விழுந்துகொண்டே போனால் இருவருக்கும் நட்டம். மாசம் 5,000 போடும் முதலாளியை 50 போடும் தொழிலாளி எட்டிப் பிடிக்கவும் மாட்டார். அதற்காக அந்த 50 வெள்ளி வீண் என்று ஆகிவிடுமா?

நம் பெரியவர்கள் செய்தது

ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். நாள் கூலியே சில வெள்ளிதான் இருந்த காலம் அது. கொடுத்தவர் யாரும் சீமான் இல்லை. அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கின.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, தோழர்களே. தோட்டத்தில் மரம் இருந்தது. மரத்தில் பால் இருந்தது. பிட்காயின் வட்டியும் தராது, வாடகையும் தராது. அடுத்தவர் கூடுதல் விலைக்கு வாங்கினால்தான் நமக்கு லாபம். நம் நாட்டில் அது சட்டப்படி செல்லும் பணமும் அல்ல.

ஆகவே நாம் சொல்வது இவ்வளவுதான். மூன்று மாசச் செலவுக்கான பணம் முதலில் பேங்கில் இருக்கட்டும். சேமநிதிப் பணத்தைத் தொடாதீர்கள். ஆலோங்கிடம் கடன் வாங்கிப் போடவே போடாதீர்கள். வாங்குவதானால் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற இடத்தில் மட்டும் வாங்குங்கள். "மாசம் இவ்வளவு லாபம் நிச்சயம்" என்று எவனாவது வந்தால், அவன் ஏமாற்றுக்காரன். முழுவதும் போனாலும் அடுப்பு எரியும் என்ற அளவுக்குத்தான் போட வேண்டும்.

தம்பி தலையைச் சொறிந்தார். அப்போதுதான் அம்மா பேசினார்.

"ஆழமா வெட்டுனா அன்னிக்கு நெறையா பால் வரும்னு நெனப்பாங்க. மரத்துக்குக் காயம் பட்டுடும். மெல்லிசா சீவுனாத்தான் மரம் நெலைக்கும். அவன் சம்பளத்துல அம்பது வெள்ளி போடட்டும், நான் தடுக்கல. என் காசு பேங்குலயே கெடக்கட்டும்."

நாம் அரை மணி நேரம் சொன்னதை அந்த அம்மா நாலு வரியில் முடித்துவிட்டார். தம்பியும் சரியென்று தலையாட்டினார்.