எஃகில் பொறித்த முத்திரைகள்

போர் முடிந்தபின் ஒரு நாட்டின் படைக்கிடங்கில் தேவைக்கு மேல் தேங்கிவிடும் ஆயுதங்களும், புதிய மாதிரிகள் வந்ததால் கழிக்கப்படும் பழைய ஆயுதங்களும் படைத்துறை உபரி எனப்படுகின்றன. அவற்றை உருக்கிவிடலாம், நட்பு நாட்டுக்குக் கொடுத்துவிடலாம், அல்லது வணிகருக்கு மொத்தமாக விற்றுவிடலாம். இந்த மூன்றாம் வழியில் வெளிவந்த ரைபிள்களை வாங்கித் துடைத்து, அவற்றின் பிறப்பையும் பயணத்தையும் ஆராய்வது அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றிய பொழுதுபோக்காக உள்ளது. தேர்ந்த சேகரிப்பாளருக்குச் சுடுவதைவிடப் படிப்பதே இதில் முதன்மையானது. ரைபிளின் எஃகு உடலை ஓர் ஆவணமாகக் கொண்டு படிக்கும் அக்கலையை விளக்குவதற்கு ரஷ்யாவின் மோசின்-நாகான் மிகப் பொருத்தமான சான்றாகும்.

செர்கேய் மோசின் என்ற ரஷ்யப் படையதிகாரியின் வடிவமைப்பையும் பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் நாகானின் சில கூறுகளையும் இணைத்து 1891ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசு ஏற்றுக்கொண்ட இந்த ரைபிள், அந்நாட்டில் ‘மூன்று கோடு’ என்ற பெயரால் வழங்கியது. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கே அங்கு ஒரு கோடு எனப்பட்டது. மூன்று கோடு என்றால் 7.62 மில்லிமீட்டர், அதாவது குழலின் உள்விட்டம். நம் காவல் துறையினர் ‘த்ரீ நாட் த்ரீ’ என்றழைத்த லீ-என்ஃபீல்டு ரைபிளின் பெயரும் 0.303 அங்குலம் என்ற குழல்விட்டத்திலிருந்தே பிறந்தது. மோசினில் ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் போல்ட் எனப்படும் உருளைத் தாழைக் கையால் தூக்கிப் பின்னிழுத்து, வெற்றுறையை வெளியேற்றி, முன்தள்ளி அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற வேண்டும். ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் ரைபிள்கள் செய்யப்பட்டதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. தூலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரொரேத்ஸ்க் ஆகிய ரஷ்ய ஆலைகளோடு, தொடக்கத்தில் பிரான்சின் ஷாத்தெல்ரோ ஆலையும், முதல் உலகப் போரின்போது ரெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும் இதனைச் செய்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியக் கிடங்குகளில் குவிந்திருந்த உபரியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தோரில் பெரியவர், வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா துறைமுகத்தில் கிடங்குகள் வைத்திருந்த சாமுவேல் கம்மிங்ஸ். அக்காலத்தில் இத்தகைய ரைபிள்கள் அஞ்சல் வழியாகவே விற்கப்பட்டன. 1963இல் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்க்கானோ ரைபிளும் தொலைநோக்கியுடன் 19 டாலர் 95 சென்ட் விலையில் அஞ்சலில் வாங்கப்பட்ட உபரிப் பொருளே. அந்தத் துயரமும் அதைத் தொடர்ந்த படுகொலைகளும் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தன. அஞ்சல் விற்பனை முடிவுக்கு வந்ததோடு, படைத்துறை உபரியின் இறக்குமதியும் நின்றது. 1984இல் நிறைவேறிய திருத்தம், 50 ஆண்டு நிறைந்த ஆயுதங்களை அரும்பொருளாகக் கருதி மீண்டும் வாயிலைத் திறந்தது. இதற்கெனத் தனி உரிமம் பெறும் சேகரிப்பாளர், வாங்கியதையும் விற்றதையும் ஏட்டில் பதிந்து வர வேண்டும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் மோசின்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கி நூறு டாலருக்கும் குறைவாக விற்றன. 2021இல் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதியை அமெரிக்க அரசு மறுக்கத் தொடங்கியபின், அந்த நாள்கள் திரும்பவில்லை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் .303 போன்ற படைத்துறைக் குழல்விட்டங்களைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருப்பதால், பொதுமக்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு எட்டாதது. எனினும் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் ஆலையில் பிறந்த லீ-என்ஃபீல்டுகள் அமெரிக்கச் சேகரிப்புகளில் இடம்பெற்றுள்ளன. விடுதலைக்கு முந்தையவற்றில் பிரித்தானிய மகுடமும் குடியரசுக் காலத்தவற்றில் அசோகரின் சிங்கமும் பொறிக்கப்பட்டிருப்பதால், ஆட்சி மாறியதை அங்குள்ளோர் ரைபிளைப் பார்த்தே சொல்லிவிடுகின்றனர்.

கிடங்கிலிருந்து வரும் மோசின் காஸ்மோலின் எனப்படும் பழுப்புநிறக் கட்டிக் கிரீசில் தோய்ந்திருக்கும். பல ஆண்டுகள் துருவைத் தடுத்த அந்தக் கிரீஸ் உருகி வழிந்தபின்தான் முத்திரைகள் ஒவ்வொன்றாகத் தெளிவடைகின்றன: நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் சோவியத் காலத் தூலா, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க், அவற்றின் அருகே செய்த ஆண்டு. போருக்குப் பின் சோவியத் பணிமனைகள் லட்சக்கணக்கான ரைபிள்களைக் கழற்றி, எஃகுக்கு மீண்டும் கருமை ஏற்றி, மரக்கட்டைக்கு அரக்கு பூசி, கைக்குக் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு கோத்தன. அப்போது வேறொரு ரைபிளின் போல்ட் வந்து சேர்ந்தால் அதன் பழைய எண்ணைச் சுரண்டியோ கோடிட்டு அடித்தோ புதிய எண்ணைப் பொறித்தனர். எண்கள் அனைத்தும் ஒத்திருக்கின்றன என்பதாலேயே உறுப்புகள் ஒன்றாகப் பிறந்தவை என்று சொல்லிவிட முடியாது. எண்ணுருவின் வடிவமும் சுரண்டிய தடமும்தான் உண்மையைச் சொல்லும். இதுபோல, ரைபிளின் இடப்பக்கத்தில் அடைத்து மெழுகிய துளைகள் தென்பட்டால், அது ஒருகாலத்தில் தொலைநோக்கி பொருத்திய குறிபார்ப்போர் ரைபிள் என்றும், பின்னர் சாதாரணப் படைவீரருக்கு மாற்றித் தரப்பட்டது என்றும் அறியலாம். அதனால்தான் உப்புத்தாளால் கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கும் ஆர்வத்தைத் தேர்ந்த சேகரிப்பாளர்கள் பெருங்கேடாகக் கருதுகின்றனர். அது மிகையான கருத்தன்று. கல்வெட்டைச் செதுக்கி வழவழப்பாக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஒரு முறை தேய்ந்த முத்திரையை எந்தக் கைவினைஞராலும் மீட்க முடியாது.

துப்பாக்கியோடு வந்த பழைய தோட்டாவைச் சுடுவோர் அறிய வேண்டிய வேதியியலும் ஒன்றுண்டு. அத்தோட்டாக்களின் அடியிலுள்ள தீமூட்டிக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருப்பதால், சுட்டபின் குழலில் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, விரைவிலேயே எஃகைத் துருவாக்கிவிடும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது. முதலில் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பே எண்ணெய் பூச வேண்டும்.

படிப்பதற்கு மிகச் செறிவானவை பின்லாந்து மோசின்கள். 1917இல் ரஷ்யாவிடமிருந்து பிரிந்து விடுதலை அறிவித்த அந்நாட்டுக்கு, தன் மண்ணில் ரஷ்யர் விட்டுச்சென்ற ரைபிள்களே படையின் அடித்தளமாயின. பிற்காலத்தில் 1939-40இன் குளிர்காலப் போரில் சோவியத் படையிடமிருந்து கைப்பற்றியவையும் சேர்ந்தன. போல்ட் ஓடும் எஃகுக் கூடான ரிசீவரைப் பின்லாந்து செய்யவில்லை. பழைய ரஷ்ய ரிசீவர்களில் தன் புதிய குழல்களைத் திருகி, உறுதியான கட்டை அமைத்து, எம்-39 போன்ற நேர்த்தியான மாதிரிகளை உருவாக்கியது. 1942 முதல் படைச் சொத்தைக் குறிக்க, கட்டத்துக்குள் ‘எஸ்ஏ’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டன. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த ஆயுதத்தை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தொல்பொருளாகவே கருதுவதாலும், ரிசீவரின் வயதே ரைபிளின் வயதாகக் கொள்ளப்படுவதாலும், 1944இல் குழல் மாற்றப்பட்ட எம்-39 ரிசீவரின் பழமையால் மட்டுமே தொல்பொருளாகிவிடுவதும் உண்டு. அதை அறியத் திருகுகளைக் கழற்றி மரக்கட்டையிலிருந்து எஃகைத் தூக்க வேண்டும். ரிசீவரின் பின்வாலின் அடிப்பக்கத்தில், ரைபிளைச் சுமந்த வீரனின் கண்ணுக்கு எட்டாமல் கட்டைக்குள் மறைந்திருந்த இடத்தில், ஜார் காலத்து ஆலை பொறித்த ஆண்டு இருக்கும்.