வேடம் தைப்போர்க்கு இணையவழிக் கல்வி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. ஆனால் மேடையில் அரசனாக வருபவர்க்கும், திருவிழாவில் கருப்பசாமியாக வருபவர்க்கும் ஆடையே முக்கால் ஆள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே, ‘இவர் இன்னார்’ என்று ஆடை சொல்லிவிடுகிறது. அத்தகைய ஆடையைத் தைப்பவரைப் பற்றி நாம் நினைப்பதில்லை. அவர்கள் தொழிலைப் புதிதாகக் கற்கவும், கற்றதை வளர்க்கவும் இணையம் எவ்வாறு உதவும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரையின் வேடத் தையல்

சித்திரைத் திருவிழாவில் அழகர் தல்லாகுளத்திலிருந்து நம் கோரிப்பாளையம் வழியாக வைகைக்கு எழுந்தருளும்போது, திரி எடுத்து ஆடுவோரையும், தோல் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுவோரையும் காணலாம். தலையில் உருமால், இடையில் கச்சை, தொடையளவில் சல்லடம் என அவர்களுக்கென்றே தனி உடை உண்டு.

இவ்வுடைகளுக்குப் பெயர்பெற்ற இடம், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். சுவாமிக்குச் சாத்தும் ஆடை, கோயில் தொம்பை, குடை, நாடக உடை, நாட்டிய உடை எனப் பலவும் அங்கே உருவாயின. இசுலாமியத் தையற்கலைஞர் பலரும் அழகர் விழாவுக்கான உடைகளைத் தலைமுறையாகத் தைத்து வருவது மதுரைக்கே உரிய பெருமை. மண்டபத்தின் பழமையைக் காக்கும்பொருட்டு அக்கடைகள் அண்மை ஆண்டுகளில் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. கடை மாறலாம்; கலை மறையலாகாது.

கணக்கும் கத்தரியும்

தையற்கலையின் அடிப்படை வடிவக்கணிதம். எடுத்துக்காட்டாக, நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் தைக்கும் அம்ப்ரெல்லா கட்டிங் பாவாடையைக் கொள்வோம். அது ஒரு முழு வட்டம். நடுவிலுள்ள சிறு வட்டம் இடுப்பு. இடுப்பளவு 28 அங்குலம் என்றால், அதை 6.28ஆல் வகுக்க ஏறத்தாழ 4½ அங்குலம் ஆரம் கிடைக்கும். மனக்கணக்காக 6ஆல் வகுப்போரும் உண்டு. அப்போது ஆரம் 4⅔ அங்குலமாகி, இடுப்பு ஓர் அங்குலத்துக்கும் சற்று மிகும்.

பாவாடையின் நீளம் 36 அங்குலமானால் கீழ் விளிம்பின் சுற்றளவு 254 அங்குலம். அதாவது, ஓரத்துக்கு ஜரிகை மட்டும் ஏறத்தாழ ஆறரை மீட்டர் வேண்டும். இதை முன்கூட்டியே கணக்கிடுபவர் விலை பேசுகையில் ஏமாற மாட்டார்.

இத்தகைய கணக்கைச் செய்துதரும் இலவச வசதிகள் இணையத்தில் உள்ளன. ‘ஃப்ரீசூயிங்’ என்னும் தளத்தில் உடல் அளவுகளைக் கொடுத்தால், அந்த அளவுக்கே பேப்பர் கட்டிங் வரைந்து தருகிறது. ‘சீம்லி’ என்னும் கணினி நிரலில் நாமே கட்டிங்கை வரைந்து வைத்துக்கொண்டு, அளவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒரே வேடத்தைப் பத்துப் பேருக்குத் தைப்பவர்க்கு இது பேருதவி.

துணியின் குணம்

இணையக் கல்வியில் நான் முதன்மையாகக் கருதுவது இப்பகுதியையே. பளபளப்புக்காகவும் மலிவுக்காகவும் வேட உடைகளுக்கு இன்று பாலியெஸ்டர் சாட்டின் மிகுதியாகப் பயன்படுகிறது. அறிவியல் என்ன சொல்கிறது? நடுத்தர ஈரமுள்ள காற்றில் 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டரோ அரை கிராமைக்கூட ஏற்பதில்லை. சித்திரை வெயிலில் நாள் முழுதும் ஆடுபவர்க்கு அவ்வுடை எத்துணைப் புழுக்கம் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனினும் பெரிது தீ. பருத்தியும் எரியக்கூடியதே, ஆனால் சாம்பலாகிவிடும். பாலியெஸ்டர் உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். கையில் எரியும் திரியை ஏந்துபவர்க்கு எந்தத் துணியைத் தைப்பது என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியுமாகும். துணியிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் மணமும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை.

இழைகளைப் பற்றியும், உடுத்துவோர் உணரும் வெப்பம், ஈரம் பற்றியும் தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்திய பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் உள்ளன. 2017இல் நடுவண் அரசு தொடங்கிய ‘சுவயம்’ தளத்திலும் இத்தகைய பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழுக்கான தேர்வு எழுத மட்டுமே கட்டணம்.

பழைய உடையைக் காண

1982இல் வெளிவந்த ‘காந்தி’ திரைப்படத்துக்கு உடையமைத்தமைக்காக 1983இல் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்ட பானு அத்தையா, அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர். கடந்த காலத்தை உடையில் கொண்டுவர, அக்காலத்து உடையைப் பார்த்தாக வேண்டும். அதற்கு அன்று ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. இன்றோ இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள இந்தியத் துணிகளின் படங்களைக் கைப்பேசியிலேயே காணலாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகம், தன்னிடமுள்ள பழைய உடைகள் சிலவற்றை அளந்து, அவற்றின் கட்டிங்கையே யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு இலவசமாக வெளியிட்டுள்ளது.

சொல் என்னும் சாவி

“அதெல்லாம் இங்கிலீசில்தானே இருக்கும்?” என்று என் தாயார் கேட்டார். அவர் தையல் இயந்திரத்தில் ஈட்டும் கூலியில்தான், எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளாக நான் படிக்கிறேன். அவர் கேள்வி நியாயமானது. ரவிக்கை, சுடிதார் தைக்கத் தமிழில் காணொளிகள் நிறைய உண்டு. அதற்கு மேற்பட்ட பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன.

ஆயினும் ஒன்றைக் கண்டேன். தையற்காரர்க்குப் பொருள் தெரியும், பெயர்தான் வேறு. நாம் ‘பேப்பர் கட்டிங்’ என்பதை அவர்கள் ‘பேட்டர்ன்’ என்கிறார்கள். ‘கிராஸ் துணி’ அங்கே ‘பயஸ்’. ‘அம்ப்ரெல்லா கட்டிங்’ அங்கே ‘சர்க்கிள் ஸ்கர்ட்’. வட்டப் பாவாடையின் கிராஸ் பகுதி பின்னர்த் தொய்வதால், அதை ஓரிரவு தொங்கவிட்டு ஓரம் அடிக்க வேண்டும் என்பதை ஆங்கிலப் பாடமும் சொல்கிறது. என் தாயாரும் சொல்கிறார். பத்துச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். இப்போது அவரே தேடிப் படங்களைப் பார்க்கிறார். பாதிப் பாடம் கண்ணுக்குரியதன்றோ!

நாம் செய்யத்தக்கது

தோழியரே! கொள்வது மட்டும் போதாது, கொடுக்கவும் வேண்டும். ஐரோப்பியப் பிரபுவின் மேலங்கிக்குக் கட்டிங் இணையத்தில் இருக்கிறது. நம் சல்லடத்தின் கட்டிங்கோ முதியவர் சிலரின் கையிலும் நினைவிலுமே வாழ்கிறது. அவர் கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

நம்முள் பலர் வீட்டில் தையல் இயந்திரத்தின் ஓசை கேட்கும். நாம் அறிந்த ஆங்கிலத்தைக் கொண்டு ஒருவர்க்கு ஒரு பாடத்தைத் தமிழில் சொல்லிக் கொடுப்போம். ஒரு முதிய கலைஞரிடம் அனுமதி பெற்று, ஒரேயொரு வேட உடையை அளந்து, வரைந்து, அவர் வழங்கும் சொற்களோடு எழுதி வைப்போம். அதை அவர் பெயராலேயே இணையத்தில் ஏற்றுவோம். நாம் பெற்ற கல்வி, நம்மைப் படிக்கவைத்த கைகளுக்குப் பயன்படட்டும்!